கிருமி செத்தா தைராய்டு போயிடுமா?

எங்க சித்திக்கு ஹஷிமோட்டோ தைராய்டு. எட்டு வருஷமா தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை. போன வருஷம் வயிற்றெரிச்சல்னு டாக்டரிடம் போக, ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்குன்னு 14 நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார். கிருமி ஒழிந்தது. அடுத்த டெஸ்டில் டிஎஸ்எச்சும் நன்றாக இறங்கியிருந்தது. உடனே குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு: "தைராய்டுக்கு மூல காரணமே வயிற்றுக் கிருமிதான்!" சித்தி தைராக்ஸினை நிறுத்திட்டாங்க.

ஃபார்வர்டில் இருப்பது முழுப் பொய் என்றால் பிரச்சனையே இல்லை. பாதி உண்மை, அதான் ஆபத்து. தைராய்டு நோயாளிகளிடம், முக்கியமாக கிரேவ்ஸ் நோய் உள்ளவர்களிடம், இந்தக் கிருமி அதிகம் இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. கிருமியின் புரதம் தைராய்டின் புரதத்தைப் போல இருப்பதால் நம் எதிர்ப்பு சக்தி ஆள்மாறாட்டத்தில் ஏமாறுகிறது என்பது ஒரு கருதுகோள். ஆனால் கிருமியை ஒழித்தபின் தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடி குறைந்தது என்று சில சிறு ஆய்வுகள் சொன்னால், குறையவில்லை என்று வேறு சில சொல்கின்றன. உலகில் ஏறக்குறைய பாதிப் பேர் வயிற்றில் இருக்கும் கிருமி, தைராய்டுக்காரர் வயிற்றிலும் இருப்பதில் என்ன அதிசயம்?

"அல்சருக்குக் கிருமிதான் காரணம்னு சொன்னப்பவும் சிரிச்சாங்களே" என்பார்கள். உண்மைதான். ஆனால் பாரி மார்ஷல் 1984-ல் கிருமியைத் தானே குடித்து வயிற்றழற்சி வரவழைத்துக் காட்டினார். கிருமியைக் கொன்றால் அல்சர் திரும்ப வருவதில்லை என்று பிறகு சோதனைகளும் நிரூபித்தன. 2005-ல் நோபல் பரிசு சும்மா வரவில்லை. தைராய்டு விஷயத்தில் அந்த நிரூபணம் எங்கே?

அப்ப சித்தியின் டிஎஸ்எச் ஏன் இறங்கியது? தைராக்ஸின் உடலில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். இந்தக் கிருமி உண்டாக்கும் அழற்சி அமிலத்தைக் குறைக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரை 22 முதல் 34 சதவீதம் வரை கூடுதலாகத் தேவைப்பட்டதை இத்தாலிய மருத்துவர்கள் 2006-லேயே காட்டினார்கள். கிருமி போனதும் அதே மாத்திரை நன்றாகச் சேரும், டிஎஸ்எச் இறங்கும். அதாவது வேலை செய்தது மாத்திரை. நாம் தூக்கிப் போட்டதும் அதே மாத்திரையைத்தான்!

மூன்றே மாசத்தில் சித்திக்கு முகம் வீங்கி, மாடிப்படி ஏறவே முடியாமல் போச்சு. இப்போது டாக்டர் பழைய அளவை விடக் கொஞ்சம் குறைத்து மறுபடி கொடுத்திருக்கிறார். நல்லா இருக்காங்க.

கிருமி இருந்தால் கண்டிப்பாக வைத்தியம் பாருங்க. முடிந்ததும் டிஎஸ்எச் பாருங்க. மாத்திரையின் அளவைக் குறைப்பதா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும், ஃபார்வர்டு சொல்ல வேண்டாம்.