கோய் மீன்: வாங்குவதா, வளர்ப்பதா?

மலேசியாவில் அலங்கார மீன் வளர்ப்பில் முன்னணி வகிக்கும் மாநிலங்களுள் ஜொகூரும் ஒன்று. அங்கு வீட்டுக் குளத்தில் கோய் மீன் வளர்ப்போர், போட்டியில் கலந்துகொள்ள விரும்பும்போது ஒரு கேள்வி எழுகிறது. முதிர்ந்த மீனை வாங்குவதா, குஞ்சை வளர்த்தெடுப்பதா?

முதிர்ந்த மீனை வாங்குவதில் குற்றமில்லை. அதன் உடற்கட்டும் நிறமும் கண்முன்னே தெரிகின்றன. விலைதான் மலைக்க வைக்கும். 2018-இல் ஹிரோஷிமாவில் நடந்த ஏலத்தில், வெண்ணிற உடலில் சிவப்புத் திட்டுகள் கொண்ட ‘கொஹாக்கு’ மீன் ஒன்று 20 கோடி யென்னுக்கும் மேல் விலைபோனது. வாங்கிய மீனை ஜப்பானியப் பண்ணையிலேயே விட்டுவைத்து, அங்கிருந்தே போட்டிக்கு அனுப்புவோரும் உளர். உழைப்பு பண்ணையாளருடையது, கோப்பையோ உரிமையாளருக்கு! இதனை வளர்ப்பு என்பதைவிட முதலீடு என்பதே பொருந்தும்.

குஞ்சை வளர்ப்பவர் நிலை வேறு. ஒரே ஈட்டில் பிறக்கும் ஆயிரக்கணக்கான குஞ்சுகளில் பெரும்பாலானவற்றைப் பண்ணையாளரே கழித்துவிடுவார். தேறியவற்றையும் நம்பிவிட முடியாது. உடல் வளர வளரச் சிவப்புத் திட்டு சிதறலாம். ‘ஷோவா’ வகையில் கருமை முழுமையாக வெளிப்படச் சில ஆண்டுகள் ஆகலாம். நிகாத்தாவின் பனிக்காலத்தில் மீனின் வளர்ச்சி மந்தமாகும். ஜொகூரிலோ ஆண்டு முழுவதும் வெப்பம். மீன் இடைவிடாது உண்டு வளரும். இது வரம் போலத் தோன்றினாலும், தீனி மிகுந்தால் நீரில் அம்மோனியா கூடி மீனுக்கே கேடாகும். பொறுமையும் கூர்ந்த பார்வையும் இங்குதான் உருவாகின்றன.

போட்டிகளில் மீன்கள் அளவு வாரியாகப் பிரிக்கப்படுவதால், சிறு மீன்களுக்கும் பரிசு உண்டு. பெருந்தொகை இல்லாத இளைஞர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். ஏற்பாட்டாளர்களும் குஞ்சிலிருந்து உள்ளூரிலேயே வளர்க்கப்பட்ட மீன்களுக்குத் தனிப் பிரிவை ஒதுக்கி, வளர்த்தவரின் பெயரையும் மேடையில் அறிவிக்க வேண்டும்.