உத்தமப் பெண் யார்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2017-ம் வருஷத்தில் எரிக்கா சான்செஸ் என்னும் அம்மையார் எழுதிய நாவல் ஒன்று வெளிவந்தது. அதன் பெயரைத் தமிழில் சொல்லுவதானால், "நான் உங்களுடைய உத்தம மெக்சிகோ மகள் அல்ல" என்று சொல்லலாம். அதைப் பற்றி நாம் இன்று எழுத முன்வந்தது கதையின் பொருட்டு மாத்திரமல்ல. அதைப் படித்தவர்கள் அதைப் பற்றிச் சொல்லிவருகின்ற அபிப்பிராயங்களின் பொருட்டேயாகும். சில சமயங்களில் ஒரு புத்தகத்தின் யோக்கியதையைவிட, அதைப் படிக்கின்ற ஜனங்களின் மனப்பான்மையே அவ்வபிப்பிராயங்களில் அதிகமாக வெளியாகின்றது.

கதையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். மெக்சிகோ முதலிய ஸ்பானிய மொழி நாடுகளின் வழிவந்தவர்களை அமெரிக்காவில் லத்தீனோக்கள் என்றும், அவர்களில் பெண்களை லத்தீனா என்றும் அழைக்கின்றார்கள். சிக்காகோ நகரத்தில் அப்படிப்பட்ட ஓர் ஏழைக் குடும்பம். தகப்பனார் மிட்டாய்த் தொழிற்சாலையில் கூலி. தாயார் பிறர் வீடுகளைப் பெருக்கித் துடைத்துப் பிழைப்பவர். இருவரும் அநுமதிச் சீட்டில்லாமல் எல்லையைக் கடந்து வந்தவர்கள். மூத்த மகள் ஓல்கா வீடே கதி என்று இருந்தவள். தாய் சொல்லைத் தட்டாதவள். ஊரார் மெச்சிய பெண். அவள் 22-ம் வயதில் லாரி மோதி இறந்துபோகிறாள். மிஞ்சியவள் இளையவளாகிய ஹூலியா, 15 வயதுடையவள். படிக்க வேண்டும், எழுத்தாளியாக வேண்டும், வீட்டைவிட்டு வெளியூர்க் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பவை அவளுடைய ஆசைகள். வாய்த்துடுக்கும் உண்டு. செத்துப்போன அக்காளைக் காட்டிக் காட்டி இவளை அளக்கிறார்கள்.

அந்த அக்காளின் அறையைச் சோதித்துப் பார்த்தபோதுதான் ஹூலியாவுக்குச் சங்கதி தெரிகின்றது. ஊர் மெச்சிய ஓல்கா, மனைவியுள்ள ஒரு வைத்தியரோடு இரகசியமாக உறவு வைத்திருந்தவள், இறக்கும்போது கர்ப்பிணி.

இந்த நாவலைப் படித்தவர்களில் ஒரு பெருந்தொகையினர் சொல்லுகின்ற முதல் ஆட்சேபணை என்னவென்றால், ஹூலியாவைத் தங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதாகும். அவள் எதற்கெடுத்தாலும் முணுமுணுக்கிறாளாம். தாயாரை எதிர்த்துப் பேசுகிறாளாம். உற்றார் உறவினரை அறிவில்லாதவர்கள் என்று நினைக்கிறாளாம். பெற்றோர் பட்ட கஷ்டத்துக்கு நன்றியில்லையாம். இவற்றில் பொய் ஒன்றுமில்லை. அவள் பிறரைப் பற்றி, அவர்களுடைய உடம்பைப் பற்றிக்கூட, இளக்காரமாகப் பேசுகின்ற இடங்கள் உண்டு. அவற்றை நாமும் மெச்சவில்லை. ஆனால் "நான் உத்தமி அல்ல" என்று அட்டையிலேயே எழுதிக் கையில் கொடுத்த பிறகு, உள்ளே உத்தமியைக் காணோமே என்று குறைப்படுவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது என்று கேட்கின்றோம்.

இன்னொரு புத்தகத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். சாலிஞ்சர் என்பவர் 1951-ல் வெளியிட்ட "கேட்சர் இன் தி ரை" என்னும் நாவலை அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாகப் படித்துவருகிறார்கள். அதன் நாயகன் ஹோல்டன் பணக்கார வீட்டுப் பையன், பள்ளிக்கூடத்திலிருந்து துரத்தப்பட்டவன், கண்ணில் படுகின்றவர்களையெல்லாம் போலிகள் என்று ஏசுகின்றவன். அவனுக்கும் உடன்பிறந்தான் ஒருவன் இறந்துபோயிருக்கிறான். அவனுக்கும் கடைசியில் மனம் உடைந்துபோகின்றது. அதாவது துக்கமும் ஒன்று, வாய்த்துடுக்கும் ஒன்று, நோயும் ஏறக்குறைய ஒன்று. அவனைச் சகிக்க முடியவில்லை என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்புத்தகத்தையும் சில பள்ளிக்கூடங்கள் விலக்கியதுண்டு. ஆயினும், அவனுடைய முணுமுணுப்பை வாலிபத்தின் குரல் என்று சொல்லி உபாத்தியாயர்கள் பாடம் நடத்தினார்கள். ஹூலியாவின் முணுமுணுப்போ வளர்ப்பின் குற்றமாகிவிடுகின்றது. அவன் ஆண், வெள்ளையன், பணக்காரன். இவள் பெண், பழுப்பு நிறத்தவள், வீடு துடைக்கின்றவளின் மகள். இந்த மூன்றையும் தவிர வேறு என்ன வித்தியாசம் என்று அவ்வாசகர்கள்தான் சொல்ல வேண்டும்.

இதைவிட நம் மனத்தை உறுத்தியது மற்றொன்று. கதையின் பின்பாதியில் ஹூலியா தன் உயிரைத் தானே போக்கிக்கொள்ள முயன்று, ஆஸ்பத்திரியில் பிழைக்கிறாள். அவளுக்கு இருந்தது மனச்சோர்வு என்னும் நோய் என்று வைத்தியர்கள் கண்டு, மருந்தும் சிகிச்சையும் கொடுக்கிறார்கள். அதுவரையில் அவளைத் திட்டிக்கொண்டே வந்த வாசகர்களில் பலர், "ஐயோ, அப்படியா சங்கதி!" என்று அதற்குப் பிறகு இரக்கப்படுகிறார்கள். முதல் பக்கத்திலேயே அவளுடைய அக்காளின் சவம் கிடக்கின்றது. அவள் தூங்காததும், தனியாக அழுவதும், எரிந்து விழுவதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கின்றன. அவ்வளவும் திமிராகத் தோன்றி, ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தபிறகு மாத்திரம் நோயாகத் தோன்றுவானேன்? ஒரு பெண் சாவின் வாசல் வரையில் போய்த் திரும்பினால்தான் அவள் துக்கத்துக்குச் சாட்சி கிடைக்குமோ? வீட்டிலுள்ள தாயார் செய்த தவற்றையே, புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவர்களும் செய்திருக்கிறார்கள்.

அந்தத் தாயார் இன்னொரு காரியம் செய்கிறார். 15-ம் வயதில் பெண்ணுக்குக் கவுனும் நடனமும் விருந்துமாகச் செய்கின்ற கின்சியாஞேரா என்னும் சடங்கு அவர்களுக்குள் உண்டு. மூத்தவளுக்குச் செய்ய முடியாமற் போன குறைக்காக, இளையவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், பணத்தைச் செலவழித்து அதை நடத்துகிறார்கள். பெண் வாயைத் திறந்து கேட்டது கல்லூரிப் படிப்பு. கிடைத்தது ஒரு நாள் கூத்து. இதைப் படித்துவிட்டு, "பெற்றோர் ஆசையாகச் செய்ததை இவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏற்கிறாளே" என்று வருந்துகின்ற வாசகர்களும் இருக்கிறார்கள். வருந்தட்டும்.

இனி, லத்தீனோ ஜனங்களிலேயே சிலர் சொல்லுகின்ற ஆட்சேபணையை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. "எங்கள் வீட்டு அழுக்கை வெள்ளையர் முன்னால் ஏன் துவைக்க வேண்டும்?" என்கிறார்கள். 2015 ஜூன் மாதத்தில் டிரம்ப் தம்முடைய முதல் தேர்தல் பிரசாரத்தை ஆரம்பித்த பேச்சிலேயே, மெக்சிகோவிலிருந்து வருகின்றவர்களில் குற்றவாளிகளும் கற்பழிப்பவர்களும் இருக்கிறார்கள் என்று பேசினார். அப்படிப்பட்ட பேச்சுக்குக் கைதட்டுகின்ற கூட்டம் இருக்கின்ற நாட்டில், தங்களைப் பற்றித் தாங்களே குறை எழுதினால் அது எதிரிக்கு ஆயுதமாகுமே என்கின்ற பயம் நியாயமான பயமேயாகும்.

ஆனால் நாவலில் உள்ளதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஹூலியாவைப் பிறகு மெக்சிகோவிலுள்ள பாட்டியிடம் அனுப்புகிறார்கள். எல்லையைக் கடந்துவந்த காலத்தில், வழிகாட்டிக் கூட்டிவந்தவனாலேயே தன் தாயார் பலாத்காரம் செய்யப்பட்டார் என்று அங்கேதான் அவளுக்குத் தெரிகின்றது. பெண்ணை வெளியே விடாமல் பொத்திப் பொத்தி வைத்த கடுமைக்குக் காரணம் வெறும் வைதீகம் மாத்திரமல்ல, ஆறாத ஒரு காயம் என்பது வாசகனுக்கு அப்பொழுதுதான் விளங்குகின்றது. அந்தத் தாயாரும் வாயைத் திறக்கவில்லை. ஓல்காவும் வாயைத் திறக்கவில்லை. மானத்துக்குப் பயந்து இருவரும் தனித்தனியே சுமந்தார்கள். குடும்ப மானம் என்று சொல்லி மூடி வைத்ததனால் அந்த வீட்டில் யாருக்கு என்ன நன்மை விளைந்தது? ஓல்காவை உத்தமி என்றதற்கு ஆதாரம், அவள் நன்றாக ஒளித்துவைத்தாள் என்பதைத் தவிர வேறென்ன?

ஸ்பானிய வார்த்தைகள் அர்த்தம் சொல்லாமலே வருகின்றன என்று ஒரு குறையும் சொல்லப்படுகின்றது. வீட்டில் இரண்டு பாஷை பேசுகிறவர்கள் ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டா பேசுவார்கள்?

நிற்க, பிடிக்கவில்லை என்று சொல்லுவதோடு நிற்கின்றவர்களிடம் நமக்குச் சண்டையில்லை. அது அவர்களுடைய உரிமை. பிறரும் படிக்கக்கூடாது என்று பள்ளிக்கூடப் புத்தகசாலையிலிருந்து அப்புறப்படுத்தப் புறப்படுகின்றவர்களிடமே நமக்குச் சண்டை. இந்த நாவலும் பல ஊர்களில் அந்த ஆட்சேபணைக்கு ஆளாயிற்று. இது புதிதுமல்ல. 1984-ல் வெளிவந்த சாண்ட்ரா சிஸ்நேரோஸ் அம்மையாரின் "மாங்கோ தெரு வீடு" என்னும் நாவலும் சிக்காகோவிலுள்ள லத்தீனாப் பெண்ணொருத்தியின் கதைதான். அரிசோனா மாகாணத்தில் டூசான் நகரப் பள்ளிகளில் நடந்துவந்த மெக்சிகோ-அமெரிக்கர் பாட வகுப்பின் பட்டியலில் அதுவும் இருந்தது. 2010-ல் செய்யப்பட்ட ஒரு சட்டத்தைக் காட்டி 2012 ஜனவரியில் அவ்வகுப்பை மூடினார்கள். அச்சட்டத்தைச் செய்ததற்கும் அமுல் நடத்தியதற்கும் இனத்துவேஷமே காரணம் என்று மத்திய அரசாங்க நீதிபதி ஒருவர் 2017-ல் தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பு வருவதற்குள் அந்த ஐந்து வருஷங்களில் எத்தனை பிள்ளைகள் பள்ளியை முடித்துக்கொண்டு போய்விட்டிருப்பார்கள்!

மற்றொரு பக்கத்தில், "இது என் வீடு, இது என் அம்மா, இது நான்" என்று சொல்லுகின்ற பெண்களும் ஏராளமாக இருக்கிறார்கள். தங்களைப் போன்ற ஒருத்தி கோபப்படுவதை அச்சில் முதன் முதலாகப் பார்த்தோம் என்கிறார்கள் சிலர். தங்களுக்கும் அந்த நோய் உண்டென்றும், அதற்குப் பெயர் இருப்பது இப்பொழுதுதான் தெரிந்ததென்றும் சொல்லுகிறார்கள் வேறு சிலர். நாவலாசிரியையும் தம்முடைய மனச்சோர்வைப் பற்றி 2022-ல் வெளியான சுயசரிதைக் கட்டுரைகளில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இந்நாவல் 2018-ல் ஸ்பானிய பாஷையிலும் வந்துவிட்டது. கதையிலுள்ள தாயாரைப் போல இங்கிலீஷ் சரியாக வராத, பிறர் வீட்டைத் துடைத்துப் பிழைக்கின்ற தாய்மார்களும் இனி அதைப் படிக்கலாம். மகள்கள் சொன்னதைக் கேட்டாயிற்று. பள்ளிக்கூட நிர்வாகிகள் சொன்னதையும் கேட்டாயிற்று. அந்தத் தாய்மார்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளவே நாம் ஆவலாயிருக்கிறோம்.