முதலில் செல்போன் தூங்கட்டும்!

காலை ஆறரை மணிக்கு எதிர் வீட்டில் தினமும் ஒரு கச்சேரி நடக்கும். "எழுந்திருடா! பஸ் போய்விடும்! எத்தனை தடவை கூப்பிடுவது?" என்று தாயார் ஆரம்பிப்பாள். பத்தாவது படிக்கும் பிள்ளை போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக் கொள்வான். சுருதி ஏறிக்கொண்டே போய், "நீ உருப்பட மாட்டாய்!" என்ற மங்களத்தோடு முடியும்.

சகோதரிகளே, இந்தக் கச்சேரி நம்மில் அநேகர் வீட்டில் உண்டு. ஆனால், பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லுமுன் சற்று யோசியுங்கள். தப்பு காலையில் நடக்கவில்லை. முதல் நாள் இரவே நடந்துவிட்டது.

இருட்டியதும் நம் மூளையில் உள்ள ஒரு சிறு சுரப்பி 'மெலடோனின்' என்ற பொருளைச் சுரக்கிறது. 'இரவு வந்துவிட்டது' என்று உடம்புக்குச் செய்தி சொல்லும் தூதுவன் அது. ஆரன் லெர்னர் என்ற அமெரிக்க டாக்டர் 1958-ல் இதைக் கண்டுபிடித்தார். பதின்மூன்று, பதினான்கு வயதில் இந்தத் தூதுவன் சற்றுத் தாமதித்தே வருகிறான். ஆகையால், அந்த வயதில் இரவு சீக்கிரம் தூக்கம் வராததும், காலையில் கண் திறக்க முடியாததும் இயற்கைதான். இதை உத்தேசித்தே கலிபோர்னியாவில் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்ற சட்டம் 2022-ல் அமலுக்கு வந்தது.

தாமதமாக வரும் தூதுவனை வாசலிலேயே நிறுத்தி வைக்கிறது செல்போன் வெளிச்சம். பாஸ்டன் நகரில் வாலிப வயதினர் 12 பேரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2014-ல் வெளியாயிற்று. சில இரவுகள் அச்சிட்ட புத்தகம், சில இரவுகள் ஒளிவிடும் திரை என்று படிக்கச் செய்தார்கள். திரையில் படித்தபோது மெலடோனின் சுரக்கும் நேரம் ஒன்றரை மணி தள்ளிப் போயிற்று; தூக்கம் வரச் சுமார் 10 நிமிஷம் அதிகமாயிற்று.

"பத்து நிமிஷந்தானே?" என்பீர்கள். வாஸ்தவந்தான். வெளிச்சத்தைவிடப் பொல்லாதது, முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் வீடியோ. நம் தொடர்கதைகூட 'தொடரும்' என்று ஒரு வாரம் விட்டுவிடுகிறது. இதற்கோ 'முற்றும்' கிடையாது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று மணி பன்னிரண்டாகிவிடும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். ஆறு மணி நேரம் தூங்கிய பிள்ளை வகுப்பில் கண்ணைத் திறந்து வைத்திருப்பான், கவனம் இராது. பகலில் படித்ததை மூளை பத்திரப்படுத்துவதும் தூக்கத்தில்தான். தூக்கத்தைக் கெடுத்துப் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதே.

எதிர் வீட்டு அம்மாள் ஒரு நாள் போனைப் பிடுங்கி வைத்தாள். "நீ மட்டும் பார்க்கிறாயே, அம்மா?" என்றான் பிள்ளை. அவளும் படுக்கையில், விட்டுப்போன சீரியலை போனில் பார்த்துக்கொண்டிருந்தவள்தான்! வாயடைத்துப் போனாள்.

மறுநாளே ஒரு சட்டம் போட்டாள். இரவு ஒன்பதரைக்கு அம்மா, அப்பா, பிள்ளை மூவரின் செல்போனும் கூடத்து அலமாரியில் படுத்துவிட வேண்டும். "அலாரம் வைக்கப் போன் வேண்டுமே!" என்ற சாக்குக்கு இடமில்லாமல் ஒரு கடிகாரம் வாங்கினாள். வாட்ஸ்அப்பில் வரும் பள்ளிக்கூட வேலை எட்டு மணிக்குள். காலையில் முதல் காரியம், ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விடுவது.

மூன்று நாள் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். நாலாம் நாள் இரவு, அவள் பாலுக்கு உறை ஊற்றும்போது சமையலறை வாசலில் வந்து நின்றான். "அம்மா, கணக்கு எனக்குப் புரியவே இல்லை. பரீட்சையை நினைத்தால் பயமாக இருக்கிறது" என்றான்.

அத்தனை நாளும் அவன் எதை மறக்கப் போனைப் பார்த்தான் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

காலைக் கச்சேரி அடியோடு நின்றுவிடவில்லை. ஆனால், சுருதி இறங்கியிருக்கிறது. மங்களத்தின் வார்த்தைகளும் மாறியிருக்கின்றன. இன்றிரவு உங்கள் வீட்டிலும் முயன்று பாருங்கள். முதலில் தூங்க வேண்டியது உங்கள் செல்போன்!