ஈரப்பத மீட்டர் இருக்கிறது, பயிற்சி எங்கே?

நெல்லில் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் இல்லை என்பது மத்திய அரசின் விதி. மழை பெய்தால் மாநில அரசு தளர்வு கேட்கும். டெல்லியிலிருந்து குழு வரும், மாதிரி எடுக்கும், போகும். 2025 அக்டோபரில் குறுவை நெல் நனைந்து முளைவிட்டபோதும் டெல்டா இதைத்தான் பார்த்தது. 17-ஆ, 22-ஆ என்று நாமும் மேடைதோறும் முழங்குகிறோம். அந்தச் சதவீதத்தை அளப்பவருக்கு அளக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று எத்தனை பேர் கேட்டோம்?

ஒரு மழைநாளில் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நின்றிருந்தேன். மேல்நெல்லை அள்ளி மீட்டரில் போட்டார்கள்: 16. விவசாயிக்கு உயிர் வந்தது. பட்டியல் எழுத்தருக்குச் சந்தேகம். அதே குவியலின் அடியில் கைவிட்டு அள்ளிப் போட்டார்: 20. "காயவைத்துக் கொண்டு வாங்க" என்று முடித்துவிட்டார். பல இடங்களில் எடுத்துக் கலந்துதான் அளக்க வேண்டும் என்பது அந்த இளைஞருக்குத் தெரியவில்லை. கெட்டவர் அல்லர், கை நீட்டவும் இல்லை. பயம்! பின்னால் எடை குறைந்தால் அவரிடம்தான் பணம் பிடிப்பார்கள். தெரியாதவர் பயந்தால் "இல்லை" என்றுதான் சொல்வார். அந்த ஒரு சொல்லால் ஒரு குடும்பம் நான்கு இரவு தார்ப்பாயும் நெல்லுமாகக் கிடந்தது.

பயிற்சியின் அருமை அரசுக்குத் தெரியாதா? இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர் பவானிசாகர் பயிற்சியை முடிக்காமல் தகுதிகாண் பருவத்தைத் தாண்ட முடியாது. 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிந்தன (ஒழிந்தது நல்லதே). தகப்பனிடம் மகன் கற்றுவந்த நிலக்கணக்கைத் தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலருக்கு அரசுதான் கற்றுத்தந்தது. கோப்பைப் புரட்டுபவருக்குக் காட்டும் அக்கறை, நெல்லைத் தொடும் பருவகால ஊழியரிடம் ஏன் இல்லை? சில மாதம் இருந்துவிட்டுப் போகிறவர்தானே என்ற நினைப்பா? விவசாயிக்கு அரசாங்கம் என்றால் அவர்தானே!

இத்தனைக்கும் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி இன்று தேசிய நிறுவனமாகிவிட்ட ஒன்று தஞ்சாவூரிலேயே இருக்கிறது. குறுவை அறுவடைக்கு முன் மூன்று நாள், களத்திலேயே, நனைந்த நெல்லை வைத்தே சொல்லிக்கொடுக்கட்டும். மீட்டரைச் சரிபார்ப்பது, மாதிரி கலப்பது, வந்த அளவை விவசாயியின் கண்முன்னே எழுதிக் காட்டுவது, இவ்வளவுதான்.

இதனால் லஞ்சம் ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்கிப் பழகிய கை பயிற்சிக்குப் பிறகும் வாங்கும். "மிஷின் காட்டுது, நான் என்ன செய்ய?" என்ற சாக்கு மட்டும் அதற்கு இருக்காது. அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நம் கிளைச் சகோதரர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: எங்கள் ஊர் கொள்முதல் நிலைய எழுத்தருக்குக் கடைசியாகப் பயிற்சி கொடுத்தது எந்தத் தேதியில்?