மலைப்பிள்ளைகள் கதை சொல்லட்டும்

தமிழகப் பள்ளிக்கல்வித் துறை 2022இல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படத் திரையிடலைத் தொடங்கியது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாதம் ஒரு படம். அடுத்த ஆண்டே வாசிப்பு இயக்கமும் வந்தது. நுழை, நட, ஓடு, பற எனப் படிநிலை பிரித்த சிறு நூல்கள் வகுப்புக்குள் வந்துசேர்ந்தன. பல பள்ளிகளில் கணினி ஆய்வகமும் இருக்கிறது. ஆனால் படம், புத்தகம், கணினி மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் கால அட்டவணையின் வெவ்வேறு மூலைகளில் கிடக்கின்றன. சினிமாவிலும் இலக்கியத்திலும் தீராத ஆசை கொண்ட ஆசிரியர் ஒருவரால்தான் இவற்றை இணைக்க முடியும். அவருக்கு மாதம் இரண்டு பாடவேளையைத் தர வேண்டும். பிள்ளைகளைப் பார்வையாளர்களாகவே விட்டுவிடாமல் கதைசொல்லிகளாக்கும் பொறுப்பையும் தர வேண்டும். இதைத் தொடங்கத் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரையும் போடிமெட்டுச் சரிவையும் விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

லெனின் பாரதி இயக்கி 2018 ஆகஸ்டில் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' இந்தச் சரிவின் படம். ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமி ஒரு துண்டு நிலத்துக்கு ஆசைப்படுகிறான். கடைசியில் தன் மண்ணில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாகிறான். வன்முறை உள்ள பகுதிகளை விலக்கி, மேல்வகுப்புக்குத் தேர்ந்த காட்சிகளைக் காட்டலாம். சென்னையில் இதைப் பார்ப்பவர் நிலக்காட்சியில் லயிப்பார். அதிகாலையில் ஜீப்பேறி, கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து இடுக்கித் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போகும் தாயின் மகளோ அதில் விடுபட்டதைப் பார்ப்பாள். படத்தில் சுமை தூக்கும் ஆணின் உழைப்பு முன்னால் நிற்கிறது. ஏலச்செடியின் அடியில், தரையோடு படர்ந்த சரத்தில் விளைந்த காயை மட்டும் பார்த்துப் பறிக்க நாளெல்லாம் குனிந்திருக்கும் பெண்ணின் உழைப்போ பின்னால் இருக்கிறது. அந்தக் காய் உலர்ந்து, போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலைபோகும் வரையிலான பயணமும் அந்த வீட்டுக்குத் தெரிந்த கதைதான். "இந்தப் படத்தில் என்ன இல்லை?" என்று ஆசிரியர் கேட்டால் போதும், விமர்சனம் அங்கே தொடங்கிவிடும்.

இலக்கியம் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கும். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல், அங்கு அறிந்த கொடுமைகளை 1969இல் 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவலாக்கினார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது 'எரியும் பனிக்காடு' ஆனது. அதைத் தழுவி பாலா 2013இல் 'பரதேசி' எடுத்தார். நாவலில் மனிதநேயத்தோடு தொழிலாளர் பக்கம் நிற்கும் மருத்துவர், திரையில் ஆடிப்பாடி மதம் பரப்புபவராக மாறியது அப்போதே கண்டனத்துக்கு உள்ளானது. ஒரே வாழ்க்கையை யார் சொல்கிறார், எதை மாற்றுகிறார் என்று படிக்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. திரைப்படம் காட்டினால் பிள்ளைகள் புத்தகத்தை மறந்துவிடுவார்கள் என்பவர்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இந்தப் பயிற்சியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளே கதை சொல்லும் மூன்றாவது படிதான் முக்கியம். 1990களில் கலிபோர்னியாவில் ஒரு பயிலரங்க முறை உருவானது. சாதாரண மக்கள் தங்கள் குரலில், சில புகைப்படங்களோடு, இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு கதையைச் சொல்வார்கள். 2001இல் பிபிசி இதை வேல்ஸ் மக்களிடம் கொண்டுபோனது. தேவைப்பட்டவை எழுதித் திருத்திய ஒரு பக்கமும் அதைப் படிக்கும் குரலும்தான், கேமரா வித்தையல்ல. போடிக்கு இந்த அளவே போதும். மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிய காலத்தைக் கேள்விப்பட்ட முதியவர்களிடம் கேட்டு எழுதலாம். 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நின்ற ரயில் 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பியது; இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த பிள்ளைகளின் ரயில் கதையே தனி. 2018 மார்ச்சில் போடி அருகே குரங்கணிக் காட்டுத்தீ நாடெங்கும் செய்தியானது. அன்று மலையேறி மீட்புக்கு ஓடிய உள்ளூர்க்காரர்களின் நினைவை அந்த ஊர்ப் பிள்ளைகளைவிட யார் பொறுப்போடு கேட்டுவிட முடியும்?

தேர்வு நெருக்கும்போது இதற்கு நேரம் ஏது என்பார்கள். கேட்டதை எழுதி, சுருக்கி, திருத்தி, உரக்கப் படிப்பது தமிழ்ப் பாடத்தின் வேலையேதான். கட்டுரைப் பயிற்சிக்கான நேரத்திலேயே இது அடங்கும். கைபேசி ஏற்கெனவே பிள்ளைகளை விழுங்குகிறது என்ற கவலை நியாயமானது. அதனால்தான் பள்ளிக் கருவி, ஆசிரியர் மேற்பார்வை, முதலில் காகிதத்தில் எழுத்து என்ற வரிசை வேண்டும். அதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு: ஏழை வீட்டின் கதையை ஊருக்குக் காட்டுவது அந்தப் பிள்ளையை அவமானப்படுத்தாதா? படுத்தக்கூடும். ஆகவே, எதைச் சொல்வது, எதை விடுவது என்ற முடிவு பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். குரல் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும். இணையத்தில் ஏற்றுவதைக் கட்டாயமாக்கக் கூடாது. வகுப்பும் பெற்றோரும் கேட்டால் போதும். எல்லா ஆசிரியருக்கும் இந்த ரசனை இருக்காது என்பதும் உண்மை. எனவே எல்லோர்மீதும் சுற்றறிக்கையாகத் திணிக்க வேண்டாம். விரும்பி முன்வரும் ஓர் ஆசிரியர் பக்கத்துப் பள்ளிகளுக்கும் மாதம் ஒருமுறை போய்வர அனுமதியும், ஓர் ஒலிப்பதிவுக் கருவிக்கான பணமும் கல்வித் துறை இந்த ஆண்டே தரலாம்.