"பழைய வண்டின்னா அப்படித்தான் சார்!"

ஒர்க் ஷாப்புகளில் நான் கேட்டதிலேயே எனக்கு ஆத்திரம் வரவழைத்த வசனம் இதுதான்.

என்னுடையது 1978 அம்பாசிடர், மார்க் 3. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். போன வருடம் முன்பக்க இடது சக்கரத்தில் பிரேக் ஒட்ட ஆரம்பித்தது. பெடலிலிருந்து காலை எடுத்தாலும் விடாது. வண்டி இழுக்காது, டிரம் தோசைக்கல்லாய்க் கொதிக்கும், லைனர் கருகும் வாடை வரும்.

ஒர்க் ஷாப் தம்பி அட்ஜஸ்டரைத் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றிக் காட்டி, "ஃப்ரீ ஆயிடுச்சு சார்" என்றார். பத்து நாளில் மறுபடி ஒட்டியது. மறுபடி தளர்த்தினார். மூன்றாம் தடவை வீல் சிலிண்டரை மாற்றினார். நான்காம் தடவைதான் மேலே சொன்ன வசனம். நானும் தலையாட்டிவிட்டுப் பணம் கொடுத்தேன். அது என் தப்பு.

பலனை ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது அனுபவித்தேன். பின் சீட்டில் மனைவியும் பேத்தியும். ஒரு கொண்டை ஊசி வளைவில் பெடல் பாதிக்கு மேல் இறங்கியது, வண்டி வலப்பக்கம் இழுத்தது, எதிரே பஸ். இரண்டாவது மிதியில்தான் நின்றது.

ஒட்டுகிற பிரேக்கைத் தளர்த்தினால் அது பிடிக்காத பிரேக் ஆகிறது. இதற்குப் பெயர் ரிப்பேரா?

வீட்டுக்கு வந்து நானே பார்த்தேன். ஜாக்கி போட்டு, பிரேக்கை மிதித்துவிட்டேன். சக்கரம் பூட்டிக்கொண்டது. நிப்பிளைக் கொஞ்சம் திறந்ததும் ஆயில் பீய்ச்சியது, சக்கரம் சுற்றியது. அப்படியானால் ஷூவிலோ ஸ்பிரிங்கிலோ கோளாறு இல்லை. பிரஷர் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. நிப்பிளை மூடி மறுபடி மிதித்து, இம்முறை ஹோஸுக்கு முன்னால் இரும்புக் குழாய் இணைப்பைத் தளர்த்தினேன். சக்கரம் அசையவில்லை. மாஸ்டர் சிலிண்டர் மேல் குற்றமில்லை, ஹோஸ்தான் திருடன்!

வெட்டிப் பார்த்தேன். வெளியே புதுசு போல. உள்ளே ரப்பர் உப்பி வழியை அடைத்திருந்தது. மிதிக்கிற வேகத்தில் ஆயில் உள்ளே போகும். ஷூ ஸ்பிரிங்கின் சின்ன பலத்துக்குத் திரும்பி வராது. இடது சக்கரத்துக்கு ஆயில் தாமதமாகப் போனதால்தான் மலையில் வண்டி வலப்பக்கம் இழுத்திருக்கிறது. புது ஹோஸ் போட்டு, ஏர் எடுத்து, அட்ஜஸ்டரை முறைப்படி வைத்தேன். அரை நாள் வேலை.

"டிஸ்க் போட்டுடலாம் சார்" என்றும் யோசனை சொன்னார்கள். டிஸ்க் பிரேக்குக்கும் ரப்பர் ஹோஸ் உண்டு, ஐயா! அதுவும் இதே போல உப்பும்.

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களே, காரணம் சொல்லாமல் அட்ஜஸ்டரில் கை வைப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். நிப்பிளைத் திறந்து பார்த்தாயா என்று முதலில் கேளுங்கள்.

முழங்கால் வலி என்று போனால் "வயசானா அப்படித்தான்" என்று அனுப்பும் டாக்டரை நாம் மாற்றுகிறோம் அல்லவா? மெக்கானிக்கை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?