கல் தந்த மண்ணில் கண்ணாடி அணிகலன்

இந்தியப் பொருள்கள் மீது 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, அதன் அதிர்வு திருப்பூர் நகரத்துடன் நின்றுவிடவில்லை. பின்னலாடை நிறுவனங்களின் கூலிவேலையை நம்பியிருக்கும் தாராபுரம் வட்டாரக் கிராமங்களையும் அது எட்டியது. வரி விகிதங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே தொழிலை நம்பி வாழ்வதன் ஆபத்து மாறாது.

வீட்டுக்கு அருகிலேயே பெண்கள் செய்யக்கூடிய துணைத்தொழில்கள் இங்கு வேண்டும். அவற்றுள் ஒன்றாக, டைக்ரோயிக் எனப்படும் இருநிறக் கண்ணாடியை உருக்கி இணைத்து அணிகலன் செய்யும் கலையை எண்ணிப் பார்க்கலாம்.

இந்த மண்ணுக்கு மணித்தொழில் புதிதன்று. காங்கயம் அருகிலுள்ள படியூர், கடல்நீர் நிறப் பச்சைக்கல்லுக்குப் புகழ்பெற்றது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கிய அகழாய்வு, மூலக்கற்களையும் பாதி செதுக்கிய மணிகளையும் முழுமை பெற்ற மணிகளையும் வெளிக்கொணர்ந்தது. கல் கிடைத்த வட்டாரத்திலேயே அது அணிகலனாகவும் மாறியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இந்தியப் பச்சைக்கற்களைப் போற்றிய ரோமானிய அறிஞர் பிளினி, பளிங்குக்கு நிறமேற்றிப் போலிக் கற்கள் செய்வதிலும் இந்தியர் வல்லவர் என்று எழுதினார்!

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் படியூரில் சுரங்கம் வெட்டிக் கற்களை எடுத்தனர். அப்போது கல் மட்டுமே வெளியேறியது. அதைப் பட்டை தீட்டி மதிப்பைக் கூட்டும் வேலை இங்கு வளரவில்லை. இந்த வேறுபாட்டில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

இருநிறக் கண்ணாடியில் சாயம் ஏதுமில்லை. வெற்றிடக் கலத்தில் டைட்டானியம், சிலிக்கான் போன்றவற்றின் ஆக்சைடுகளை மிக மெல்லிய அடுக்குகளாகக் கண்ணாடியின் மீது படியவைக்கிறார்கள். அந்த அடுக்குகள் ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி, மறுபகுதியை ஊடுருவ விடுவதால், சாய்த்துப் பார்க்கும்போது நிறம் மாறுகிறது. மயில் தோகை மின்னுவதும் ஏறத்தாழ இதே முறையில்தான்.

இந்தக் கண்ணாடியை வெட்டி, மற்றொரு கண்ணாடியுடன் அடுக்கி, மின்சூளையில் சுமார் 800 டிகிரி செல்சியஸில் உருக்கினால் பதக்கமும் தோடும் உருவாகும். இரண்டும் வெப்பத்தில் ஒரே அளவில் விரிந்து சுருங்கும் வகையாக இருக்க வேண்டும். இல்லையெனில் ஆறும்போது விரிசல் விழும். அவசரப்பட்டுக் குளிர வைத்தாலும் அதே கதிதான்.

சிறிய சூளை வாங்கக் கடனும் மானியமும் கிடைக்க வழியுண்டு. மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 3 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு மானியம் தருகிறது. ஆனால், சூளை மட்டும் தொழிலாகிவிடாது. பூச்சிட்ட கண்ணாடியை அமெரிக்காவிலிருந்து அதிக விலைக்கு வாங்கி, வடிவமைப்பையும் வெளியிலிருந்து பெற்று, செய்கூலியை மட்டும் ஈட்டினால், பின்னலாடையில் இன்று படும் பாட்டையே கண்ணாடியிலும் படுவோம். கண்ணாடி உடைந்தால் நட்டம் முழுவதும் செய்பவருடையது என்பது கூடுதல் சுமை.

எனவே, தனித்தனியாக மானியம் பகிர்வதைவிட, மத்திய அரசின் குறு, சிறு நிறுவனத் தொகுப்பு மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் ஒரு பொது வசதி மையம் அமைக்க முயல்வதே அறிவுடைமை. தாராபுரத்தில் அது அமையலாம். கூட்டாகக் கொள்முதல், தரச்சோதனை, வடிவமைப்புப் பயிற்சி ஆகிய மூன்றும் அங்கே நடக்க வேண்டும். மூக்குக் கண்ணாடி வில்லைகளுக்கு வெற்றிடப் பூச்சிடும் திறன் நம் நாட்டில் ஏற்கெனவே உள்ளது. அதை அணிகலன் கண்ணாடிக்கும் விரிவுபடுத்தும் ஆய்வைக் கோவைப் பொறியியல் கல்லூரிகள் ஏற்கலாம்.

முதலில் இருபது, முப்பது பெண்களுடன் சோதித்துப் பார்க்கட்டும். சந்தை ஏற்றால் வளர்க்கலாம். ஏற்காவிட்டால் இழப்பு சிறியது. ஆயத்த ஆடைக்கு மாற்றாக இத்தொழில் ஒருபோதும் ஆகாது. ஆனால், தயாரிப்பின் மதிப்பில் எந்தப் பங்கு செய்பவரிடம் தங்குகிறது என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தொடங்கும் தொழிலாக இது அமையலாம். படியூர்க் கல் வெளியேறியபோது அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.